நேரே போகத் தெரியாத லாரி

இன்று காலை உப்பளத்துச் சாலையில் எங்கள் லாரி கனவு கண்டுகொண்டே போனது.

இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடக்கிறது. சாலை நேராகப் போகிறது. லாரியோ எங்கேயோ திரும்புவதாக நினைத்துக்கொண்டு, தானாக ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது. ஸ்டியரிங் விளக்கு மஞ்சளாக எரிகிறது.

நேற்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை வீட்டிலேயே பிரித்து மாட்டியவர் என் வீட்டுக்காரர்.

"ஏளா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லுற சென்சார் போச்சு" என்றார்.

நாளை துறைமுகத்துக்கு உப்பு ஏற்ற வேண்டும். இதை நம்பி எப்படி ஏற்றுவது?

ஆத்தூர் மெக்கானிக் அண்ணாச்சி கருவியை மாட்டிப் பார்த்தார்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. நேரா நிக்கும்போதே இடது பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லுது. பேட்டரிய மாட்டும்போது சக்கரம் எங்கன பாத்து நின்னுது?"

நாங்கள் நடந்ததைச் சொன்னோம்.

ரிப்பேர் முடிந்த வண்டியை முருகனைப் பார்க்க வைத்துத்தான் எடுப்போம். வாசலில் லாரியைத் திருப்ப இடமில்லை. அதனால் சக்கரத்தை மட்டும் வலப்பக்கம், திருச்செந்தூர்த் திசைக்குத் திருப்பி, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டினோம்.

"அதான் விஷயம். அதுதான் நேருன்னு வண்டிக்குப் பதிஞ்சு போச்சு."

அண்ணாச்சி சக்கரத்தை நேராக நிறுத்தி, இதுதான் நேர் என்று கருவியில் பதிய வைத்தார். விளக்கு அணைந்தது. வரும்போது லாரி சாதுவாக வந்தது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முருகன் இருக்கும் திசையை நேர் என்று நம்பிய வண்டி. அதைப் போய்த் திருத்தியிருக்கிறோமே, சரிதானா?