பாலத்து முனையில் பேசியது நான்தான்

மூன்றாவது தூணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்ததை முதலில் பார்த்தவன் நான். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவனும் நான்.

முருகப் பெருமானை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எட்டாவது வரைதான் படித்தவன். கொத்து வேலை தெரியும், வேறு எழுத்து வேலை தெரியாது. ஆனாலும் என் கையாலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு இந்தத் தீவில் ரங்கத் டவுனிலிருந்து உள்ளே போக வேண்டும். டிரங்க் ரோட்டை விட்டு இறங்கினால் உப்பு ஓடை ஒன்று குறுக்கே வரும். நாங்கள் அதைக் கிரீக் என்போம். அதற்கு அந்தப் பக்கம் காட்டை வெட்டி சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றிய குடும்பங்கள், வங்காளிகள், நம் தமிழாட்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து நூறு வீடு இருக்கும். பாலம் வருவதற்கு முன் எல்லாம் டிங்கியில்தான். நெல் மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லாம் அந்தச் சின்னப் படகில். கிரீக்கில் முதலை உண்டு. பாலத்துக்காக நாங்கள் நேராத நேர்ச்சை கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பாலம் வந்தது. வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் போர்ட் பிளேரில் இருந்தார். இங்கே தலைமை மிஸ்திரி நான். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் காவடி பாலத்து மேலதான் போகும், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

உத்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மூன்றாவது தூண் மட்டும் பாக்கி; அது முடிந்தால் கரையில் தயாராக இருந்த இரும்புத் தளத்தை மேலே ஏற்றிவிடலாம். பங்குனியில் எங்கள் பக்கம் தண்ணீருக்குத் திண்டாட்டம். கலவைக்கு நல்ல தண்ணீர் மேட்டில் இருக்கிற நாலா என்கிற சிற்றோடையிலிருந்து டிரம்மில் வரவேண்டும். டிரம் கொண்டு வந்த டிராக்டர் அச்சு முறிந்து நின்றுவிட்டது. சாமான் ரங்கத்தில் கிடைக்கவில்லை. தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் பத்து நாள் கூட ஆகும்.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வற்றத்தின்போது கிரீக்கில் கடல் பின்வாங்கி, காட்டிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர்தான் ஓடும், அதில் துணி துவைக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம் என்று. நான் வற்றம் பார்த்து இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். லேசாகத்தான் கரித்தது. அதையே டிரம்மில் பிடிக்கச் சொன்னேன்.

எத்வா என்று ஒரு ராஞ்சிக்காரர் என்னிடம் கலவை போட்டவர். அவரும் வாயில் வைத்துப் பார்த்தார். "மிஸ்திரி, பானி காரா ஹை" என்றார். தண்ணீர் கரிக்கிறது, வேண்டாம் என்றார்.

நான் சிரித்தேன். "சாமி காரியம்டா. முருகன் பார்த்துக்குவான், நீ போடு" என்றேன்.

இந்த வார்த்தையை நான் மறந்தே இல்லை. உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும் என்று என் வயதில் உள்ள மிஸ்திரிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சாமி பெயரைச் சொல்லி வாயை அடைத்தேன்.

அந்த வருஷம் காவடி பாலத்தின் மேல் போனது. எனக்கு மாலை போட்டார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நண்டு பிடிக்கப் பாலத்துக்குக் கீழே போனபோது வெடிப்பைப் பார்த்தேன். துருத் தண்ணீர் வடிந்து தூண் முழுக்கச் சிவப்புக் கோடு. மறுநாள் என் சொந்தச் சிமெண்டைக் கொண்டுபோய் வெடிப்பை மூடிப் பூசினேன். அந்தக் கரையில் நெல் போடுகிற வங்காளி மண்டல் தாதா (தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்) அதைப் பார்த்துவிட்டு, கூலி இல்லாமல் ஊருக்கு உழைக்கிறாயே என்று வீட்டிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட ஜீப்பில் தினம் அந்தப் பாலத்தில்தான் போகிறார்கள். அந்த டீயை நான் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

பூச்சு ஒரு மழைக்குக்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கிடையாது. சொன்னால் வேலை போகும், கேஸ் வரும், ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் ஜீப் போகிறது. காலையில் ஜீப் சத்தம் கேட்டால் அது அக்கரை ஏறும் வரை வேலாயுதா வேலாயுதா என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். பாலத்தைத் தாங்கிப் பிடி என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தேன். பாலத்து முனையில் கற்பூரம் ஏற்றினேன். ஊரார் என்னைப் பக்திமான் என்றார்கள்.

இந்த வருஷம் உத்திரத்துக்குக் கமிட்டித் தலைவர் கருப்பையா அண்ணன் லாரி பிடித்துவிட்டார். லாரி மேல் ரதம், ஜெனரேட்டர், மேளம், கூடவே முன்னூறு பேர். எல்லாம் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல். ஊர்வலம் நிற்கட்டும் என்று விரதம் இருந்த நாளெல்லாம் மழை கேட்டேன். மழை வரவில்லை. கடைசி நாள் வேண்டுதலை மாற்றினேன். அப்பனே, என்னை என்ன வேண்டுமானாலும் செய், ஒரு உயிர் போகக் கூடாது என்று அழுதேன். அன்றுதான் நான் ஒழுங்காகக் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். என் காவடிதான் முன்னால். பின்னால் பால்குடம் எடுத்த பெண்கள், அதில் என் மனைவி செல்வி. அதற்குப் பின்னால் லாரி. பாலத்து முனைக்கு வந்ததும் என் கால் நகரவில்லை. மேளம் வேகமாக அடித்தார்கள். நகரவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. அது அருள் அல்ல, பயம்.

ஆனால் சாமி வந்துவிட்டது என்று நினைத்த கருப்பையா அண்ணன் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என் காலடியில் உட்கார்ந்தார். "முருகா, என்ன குறை வச்சோம்? வாயத் தொறந்து சொல்லுப்பா" என்றார்.

திறந்தது. "பாலம் தாங்காது. மூணாவது தூண்ல உப்புத் தண்ணிக் கலவ. உள்ள கம்பி இல்ல, துருதான் இருக்கு. யாரும் ஏறாதீங்க."

யார் கலந்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சாமி சொன்னால் யார் கேட்பார்கள்? முன்னூறு பேரும் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். லாரியைப் பின்னுக்கு எடுத்தார்கள். ரதத்திலிருந்து வேலாயுதத்தை இறக்கி ரோட்டோரத்தில் வைத்து, பால் முழுவதையும் அங்கேயே அபிஷேகம் செய்தோம்.

கருப்பையா அண்ணன் நேராக சர்க்கார் இன்ஜினியரிடம் போனார். சாமி வந்து சொன்னது என்று சொன்னதும் அவர் சிரித்தாராம். இருந்தாலும் வந்தார். சுத்தியலால் தட்டினார். சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது. அன்று சாயங்காலமே இரண்டு முனையிலும் டிரம் போட்டு அடைத்தார்கள்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை எட்டே காலுக்கு நடுப் பாலம் கிரீக்கில் விழுந்தது. எட்டே கால், பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் ஜீப் ஏறுகிற நேரம். பாலத்தின் மேல் ஒரு நாய்கூட இல்லை. நான் நனைந்துகொண்டே மண்ணில் விழுந்து கிடந்தேன். அப்பன் கேட்டுவிட்டான். நான் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான்.

சாட்சியை இதோடு முடித்திருப்பேன். முடிக்க விடவில்லை.

ஊரார் என்னிடம் வாக்குக் கேட்க வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், திருநீறு போடுங்கள் என்றார்கள். மண்டல் தாதா தன் இரண்டு பெண்களையும் அழைத்துவந்து என் காலில் விழச் சொன்னார். விழுந்தார்கள். நான் ஆசீர்வாதம் செய்தேன்.

அவர்கள் போனதும் செல்வி பேசினாள். உப்புத் தண்ணீர் விஷயம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். "அன்னைக்குச் சாமி பேரச் சொல்லித்தானே அந்தத் தண்ணிய ஊத்துனீங்க? இன்னைக்கும் அதே பேருக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டா எப்படிங்க?"

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் ஆபீசில் போய், உப்புத் தண்ணீர் கலந்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது. எனக்கு யாரும் வேலை தருவதில்லை, அது சரிதான். கோயிலில் எழுந்து நின்று கமிட்டியின் முன் சொன்னேன். "தெரியாமப் போயிருந்தா நிம்மதியா இருந்துருப்பேன் தம்பி" என்று மட்டும் கருப்பையா அண்ணன் சொன்னார். எத்வாவைத் தேடி மாயாபந்தர் போனேன். அவருக்கு அந்தத் தண்ணீரே ஞாபகம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்தார். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

இன்னும் என்னைச் சாமியாடி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று பாலத்து முனையில் பேசியது முருகன் அல்ல. தப்புச் செய்த மிஸ்திரி பேசினான். இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த வாயைத் திறந்தது மட்டும் முருகன் வேலை. அந்த அற்புதம் எனக்குப் போதும்.

இப்போது பிள்ளைகளை டிங்கியில் நான்தான் அக்கரை சேர்க்கிறேன். கூலி வாங்குவதில்லை. மண்டல் தாதா கரையில் வந்து நிற்பார். முதலை பயம். பெண்கள் அக்கரையில் இறங்கி ரோட்டில் ஏறும் வரை நிற்பார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சொன்ன நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்பானவர்களே, உங்களுக்குள்ளும் பூசி மறைத்த வெடிப்பு ஏதாவது இருந்தால், அதைத் தாங்கிப் பிடி என்று அவனிடம் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். சொல்ல வாய் கொடு என்று கேளுங்கள். கட்டாயம் கொடுப்பான். கேட்காமலே வாய் கிடைத்தவன் சொல்கிறேன்.

எனக்காகவும் ஒன்று வேண்டிக்கொள்ளுங்கள். மண்டல் தாதா ஒரு நாள் என்னைத் திட்டவாவது வேண்டும்.