விளக்கு எரிகிற கடை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு கொத்துரொட்டிக் கடை. பக்கத்து ஊரான பிக்கரிங்குக்கு என்னைக் கூட்டிப்போக வரும் சித்தி மகனுக்காகக் காத்திருக்கிறேன். டிவியில் ஒரு அமைச்சர், வேறெங்கோ நடக்கும் நீண்ட யுத்தத்தில் பயங்கரவாதத் தலைவரைக் கொன்றுவிட்டோம், இனி எல்லாம் முடிந்தது என்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அது அப்படி முடியாது என்று திடமாகத் தெரியும்.

"முடிஞ்சுதாமோ அண்ணை?"

"உவருக்குக் கூடப்பிறந்தவன் இல்லைப் போல," என்று கடைக்கார அண்ணை சிரிக்கிறார்.

அவருக்குப் பின்னால், எங்கள் யுத்தத்தில் கொல்லப்பட்ட தலைவரின் படத்துக்கு முன் விளக்கு எரிகிறது.

"இந்த விளக்காலை என்ர தம்பி என்னோட கதைக்கிறேல்லை. தலைவர் உயிரோட இருக்கிறார், செத்தவருக்கு ஏத்துற மாதிரி விளக்கேத்துற நீ துரோகி எண்டுறான்."

அடுத்த மாதம் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழோடு நேரில் போனவருக்குத் தம்பி கதவே திறக்கவில்லையாம். தம்பி வீடும் பிக்கரிங்கில்தான். கார்ட்டை என்னிடம் நீட்டுகிறார். சொந்தத் தம்பிக்கு வேற்றாளிடம் கார்ட் கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களிடம் பெரிய அவமரியாதை. ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

"விளக்கை நூத்தாச்சோ எண்டு உங்கட தம்பி கேட்டால்?"

"எரியுது எண்டு சொல்லுங்கோ, பிள்ளை. மணவறைக்குப் பக்கத்திலை அவனுக்கு இடம் வைச்சிருக்கு எண்டும் சொல்லுங்கோ."