வானத்தைப் பார்த்த உழவர்

போன வாரம் அக்கா மகள் தன் பயிற்சிக் குறிப்பேட்டை என் மடியில் போட்டுவிட்டு டீ போடப் போனாள். அவளும் டீச்சர் வேலைக்குத்தான் படிக்கிறாள். பிள்ளைகளுக்குப் படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லித்தரும் வழிகளாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு அம்புக்குறி. ஒரு பெட்டியில், 'பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்' என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து டீத்தூள் வாசனை வேறு வந்தது. நினைப்பில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து முதல் வேலைக்குப் போயிருந்தேன். ஃபேக்டரிக்குக் கீழே தகரக் கூரைப் பள்ளி. கொழுந்து வாடும் மணம் கரும்பலகை வரை வரும். பிள்ளைகளில் பாதிப்பேர் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மடமடவென்று வாசிப்பார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிப்பார்கள். நானும் அப்படிப் படித்துப் பாஸானவள்தான். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஒருநாள் புத்தகத்தை மூடச் சொன்னேன். "அச்சுல இல்லாததத்தான் கேப்பேன். நீங்களா யோசிச்சுச் சொல்லோணும்" என்றேன். முதலில் வாயைத் திறந்தவள் நாலாம் வகுப்புச் செல்வராணி. கதையில் வரும் அம்மா ஏன் கதவைச் சாத்தினாள் என்று கேட்டால், "அட்டைப்பூச்சி ஏறி வந்திரும்ல டீச்சர்" என்பாள். சிரித்துக்கொள்வேன். எனக்கு அவள்மேல் பிரியம் அதிகம்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் அவள் அப்பா வந்தார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், கையில் தொப்பியோடு நின்றார். "இந்தத் தடவ பெயிலுன்னா புள்ளைய நிப்பாட்டிருவோம் டீச்சர். நாங்க மலைக்கு வேலைக்குப் போயிட்டா சின்னவனப் பாக்க ஆளில்ல."

தமிழ்த் தாளில் நானே எழுதிய பத்தி ஒன்று: உழவர் வாசலில் நின்றார். வானத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஏன்?

'மழை எப்ப விடும்னு' என்று எழுதியிருந்தாள் செல்வராணி. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். 'மழை வருமா என்று' என்பதுதான் விடை என்று பக்கத்தில் எழுதினேன். என் ஊரில் வேறெதற்கு வானத்தைப் பார்ப்பார்கள்? தேற இரண்டு மதிப்பெண் குறைந்தது.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு மார்க்குத்தானுங்களே, போட்டு உட்ருங்க" என்றார் தலைமையாசிரியர். முடியாது என்றேன். நீதி தேவதைக்கே நான்தான் பெரியம்மா என்ற நினைப்பு.

லீவு முடிந்து ஜூனில் திரும்பிப் போனபோது அங்கே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் விடவே இல்லை. ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பிக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. குடையை விரித்துக்கொண்டு செல்வராணி இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "இப்பச் சரியாச் சொல்றேன் டீச்சர். மழ வருமான்னுதான் பாத்தாரு."

தப்பு என்மேல்தான், உன் விடையும் சரிதான் என்று சொன்னேன். அவள் அப்பாவிடமும் சொன்னேன். தலைமையாசிரியர் பதிவேட்டைத் திருத்திக் கொடுத்தார். மறு வாரம் செல்வராணி ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். தம்பியையும் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். அவள் பக்கத்தில் அவனுக்கும் இடம் ஒதுக்கினேன்.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரையே இல்லையாம். அதெல்லாம் போனது பின்னால். அந்த வருஷம் முழுக்க, எந்தக் கேள்வி கேட்டாலும் செல்வராணி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் விடை சொன்னாள். எல்லாமே நான் நினைத்திருந்த சரியான விடைகள்.