தாம்பூலப் பை இல்லாத விருந்து

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காகக் காத்துக்கொண்டு, கைபேசியில் ஒரு ரஷ்யப் படம் பார்க்கிறேன். இன்று அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு பழைய அரண்மனைக்குள்ளேயே படம் முழுவதும் நடக்கிறது. நடன விருந்து முடிந்து, பட்டுடுத்திய கூட்டம் மெல்லப் படியிறங்குகிறது. பக்கத்தில் அவித்த வேர்க்கடலை விற்கும் அக்கா கூடையை மறந்து எட்டிப் பார்க்கிறார்.

“கல்யாணமா சார்? இம்மாம் ஜனம் போவுது, ஒருத்தர் கையிலயும் தாம்பூலப் பை இல்லியே?”

“கல்யாணம் இல்லக்கா, ராஜா வீட்டு விருந்து. இதுதான் கடைசி. அப்புறம் ராஜாவையே கொன்னுடறாங்க.”

“அய்யய்யோ! அது தெரியாமயா சிரிச்சிக்கினு போறாங்க?”

அதற்குள் பேருந்து வந்துவிடுகிறது. எழுந்தவனை நிறுத்தி, அக்கா இரு கையாலும் கடலையை அள்ளி என் பைக்குள் போடுகிறார்.

“நீங்களாச்சும் வெறுங்கையோட போவாதீங்க சார்.”