கரையில ஆளுண்டா?

தங்கராஜ் மாமன் இறந்த செய்தி நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வந்தது. வேலைக்குப் படகேறப் பூவார் துறைக்குப் போன அம்மா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். "மாமன் போயாச்சு மக்களே" என்றாள். இரண்டாம் முறை நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி சேருமுன்பே உயிர் போய்விட்டதாம்.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. அக்கரையில் உள்ள ரிசார்ட்டுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் படகை ஓட்டினார். அந்தத் துறையில் ஏறி இறங்கிய யாருக்கும் அவர் குரல் நினைவிருக்கும். எஞ்சினை முடுக்கும் முன், ஏறாமல் விடுபட்டவர் உண்டா என்று திரும்பிப் பார்த்து, "கரையில ஆளுண்டா?" என்று கேட்பார். மீன் விற்கும் பெண்கள், "ஏன், எங்களையும் ரூம் தூத்துவாரக் கொண்டுபோறீரோ?" என்பார்கள். "வாருங்க. உங்க மணம் அடிச்சா வெள்ளைக்காரன் ஆத்துல சாடிருவான்" என்பார்.

அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அம்மா அங்கே சேர்ந்த வருடம் மழை விடவே இல்லை. விருந்தினர் வரவில்லை. ஆட்களைக் குறைப்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதியவர்களிடம் யாரும் போகச் சொல்வதில்லை. படகில் ஏற்ற வேண்டாம் என்று மாமனிடம் சொல்லிவிடுவார்கள். கரையில் சில நாள் நின்று பார்த்துவிட்டு அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வேலையை அவர்களே விட்டதாக ஆகிவிடும்.

அம்மாவை ஏற்ற வேண்டாம் என்று சொன்ன அன்று மாமன் வீட்டுக்கு வந்தார். "நீ படிக்கிற பிள்ளையல்லா. புதிய ஆளை நிறுத்த ஒரு காரணம் சொல்லாண்டாமா?" என்று என்னிடம் கேட்டார்.

மழை தொடங்கியபோதே பயந்துபோய் நூலகத்தில் அதைத் தேடிப் படித்திருந்தேன். சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குச் சட்டத்தில் பெரிய பாதுகாப்பு இல்லை என்றேன்.

"பயம் கூடுதலா உள்ளவளுக்குச் சட்டம் குறைவாக்கும், இல்லியா?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டார். மேனேஜர் சத்தம் போட்டபோது, "வேண்டாமெங்கி அவளுக்க முகத்தப் பாத்து நீங்க சொல்லணும். எனக்க படகை வச்சுச் சொல்லப்பிடாது" என்றாராம். அம்மா முன்னால் போய், "நான் என்ன தப்பு செய்தேன் சார்?" என்று கேட்டாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போய் வேலையைப் பாரு" என்றார். அம்மாவுக்கு வேலை நிலைத்தது.

முதல் நெஞ்சுவலிக்குப் பிறகு வீட்டிலிருந்த மாமன், இந்த வருடம் உடம்பு தேறித் துறைக்கு வந்தார். படகில் வேறொருவன் இருந்தான். மாமனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. படகு நகர்ந்தது. "நில்லு, மாமன் நிக்காரு" என்று அம்மா சொன்னாள். "எனக்க வேலை போயிரும் அக்கா" என்று அவன் திரும்பாமலே ஓட்டினான்.

அடுத்த நாளும் அவர் தேய்த்த சட்டையுடன் வந்து நின்றார். அம்மாவுடன் துறைக்குப் போயிருந்த நான், அவனிடம் கேட்கிறேன் என்று கிளம்பியபோது மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் மக்கா. அவன் புதுசாக்கும். அவன்ட்ட சண்டைக்குப் போவப்பிடாது."

அடக்கம் முடிந்து அம்மா மறுபடி வேலைக்குப் போன நாள், துறை வரை நானும் போனேன். எல்லோரும் ஏறிய பிறகும் புதியவன் எஞ்சினை முடுக்காமல் இருந்தான். கரையைத் திரும்பிப் பார்த்தான். மாமனின் கேள்வியை அவனால் கேட்க முடியவில்லை. அம்மாதான் கேட்டாள்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அன்று அம்மா அதைக் கேட்டபோது கரையில், மாமன் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.