மைனிக்கு விழுந்த கொதி

எனக்கு அப்போது பதினாறு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய வருஷங்கள். சாப்பாட்டு விஷயத்தில் நான் பறக்காவெட்டி, அதை மறைக்கப்போவதில்லை. பூதப்பாண்டிப் பக்கம் வயற்காட்டு ஊர் எங்களுடையது. வீட்டில் நெல்லுக்கும் குறைவில்லை, என் பசிக்கும் குறைவில்லை. அதனால்தான் பழி என்மேல் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்குக் கொட்டாரம் என்கிற ஊரில் பெண் எடுத்தார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னா அடக்கம்! சிரிச்சா ஒரு பல்லு வெளியே தெரியல்ல, கேட்டியா!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஏன் தெரியவில்லை என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கல்யாணம் முடிந்து எனக்கு மைனியாக, அதாவது அண்ணியாக, வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு வந்தால் முந்தானையும் கூடவே வாய்க்கு வந்துவிடும்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின் பெண்கள் நாங்கள் உட்காருவோம். எதிரே உட்கார்ந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது. மைனியின் கீழ்வரிசைப் பல் மேல்வரிசையைத் தாண்டி முன்னால் தள்ளி நின்றது. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. திரிகையின் இரண்டு கல்லும் ஒட்டாவிட்டால் என்னத்தை அரைக்கும்? சோற்றை வாயில் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி, தண்ணீரை விட்டு விழுங்குவாள். எனக்கு அதிசயமாக இருக்கும். வைத்த கண் வாங்காமல் பார்ப்பேன்.

இரண்டாம் மாதமே வயிற்றுவலி ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவின கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாளோ என்று அம்மா சில நாள் சந்தோஷப்பட்டாள். அது இல்லை என்றானதும், கொதி என்று முடிவுகட்டிவிட்டாள். ஒருவர் தின்பதைப் பார்த்து இன்னொருவர் நாக்கில் எச்சில் ஊறினால், தின்கிறவர் வயிற்றில் அது கொதியாக விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எதிரே உட்கார்ந்து பார்த்தவள் யார்? நான்தான்.

"ஏட்டி, அவ திங்கும்போ அவ வாயைப் பாக்காதே. உன் கண்ணு கொள்ளிக்கண்ணுல்லா!"

பெற்ற மகளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொதிக்கு ஓதுகிறவர் ஒருவர் வந்து, உப்பும் நல்லமிளகும் ஓதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் மைனி புழக்கடையில் வாந்தி எடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவப்போனவள் நான். நல்லமிளகு முழுசு முழுசாகக் கிடந்தது. தேங்காய்க் கீற்று வெட்டிப் போட்டது போட்டபடி இருந்தது. முந்தின நாள் தின்ற காணப்பயறில் ஒன்றுகூட உடையவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அவள் வயிற்றில் கிடந்திருக்கிறது! பல் செய்யாத வேலையை வயிறு எத்தனை நாளைக்குச் செய்யும்? இவள் பிழைக்கமாட்டாள் என்று மனசுக்குள் பட்டது.

அம்மாவிடம் ஓடினேன். "இது கொதி இல்லம்மா. மைனிக்குப் பல்லு சேரல்ல. சவைக்காம முழுங்குகா. சோத்தைக் குழைய வடிச்சு மசிச்சுக் குடுத்தா சரியாப் போவும்."

அம்மா மைனியைக் கூப்பிட்டாள். "மக்கா, உனக்குப் பல்லுல ஏதாம் கோளாறு உண்டா?"

மைனி என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். பிறகு, "ஒண்ணும் இல்ல அத்தை. நல்ல பல்லாக்கும்" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல்லை மறைத்துக் கட்டிக்கொடுத்தது தெரிந்தால் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே! அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "உன் கொதியை மறைக்கதுக்கு அவ பல்லைக் குத்தம் சொல்லுதியா, மூதி?"

"இனி அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். போதுமா?" என்று கத்தினேன்.

மறுநாள் முதல் மைனிக்குச் சோறு அறைக்குள். யார் கண்ணும் படாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. நான் கதவுப் பக்கமே போகக்கூடாது என்றாள் அம்மா. உள்ளே போன கிண்ணம் போன சுருக்கில் காலியாகி வெளியே வந்தது. "பாத்தியா, கண்ணு படலேன்னா எப்படித் திங்கா!" என்று அம்மா பூரித்துப்போனாள். மைனிக்கோ ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கைவரை ஏறிற்று. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து முனகல் கேட்கும். நாங்கள் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டோம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், நல்ல மழை. அண்ணன் வயலில், அம்மா தொழுவத்தில். அன்றைக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். மைனி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் தொண்டை இழுக்கிற சத்தம். பிறகு நகங்கள் கதவைப் பிறாண்டின.

வழக்கமான முனகல் என்றுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். வேறு சத்தம் என்று தெரிந்தது. எழுந்து கதவுவரைக்கும் போனேன். திறந்தால் மறுபடியும் என் கண்ணைத்தானே சொல்வார்கள், கிடக்கட்டும் என்று நின்றேன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். கூடவும் இருக்கும். சத்தம் நின்ற பிறகுதான் "அம்மா!" என்று கூவினேன்.

அம்மா ஓடிவந்து கதவைத் தள்ளினாள். மைனி நீலம் பாரித்துக் கிடந்தாள். அம்மா அவள் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினாள். துழாவும்போதே, சேராத பல்வரிசை விரலில் தட்டுப்பட்டு, அம்மாவின் முகம் மாறியது. வெளியே வந்த கிழங்குத் துண்டில் பல் பட்ட தடமே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மைனிக்கு மூச்சு திரும்பவில்லை.

ராத்திரி கொட்டாரத்திலிருந்து மைனியின் அம்மா மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். "எம் பிள்ளைக்கு என்ன வந்தது?" என்று அலறினாள். கூடம் நிறையப் பெண்கள். என் அம்மா தலையை நிமிர்த்தாமல், "கொதியாக்கும். கொதிதான் பிள்ளையைக் கொண்டுபோச்சு" என்றாள். பெற்றவளுக்குத் தெரியாத பல்லா? அவளும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பல்லைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால், கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றதையும் சொல்ல வேண்டிவரும்.

"ஆமா, என் கொதிதான்" என்றேன்.