எண்ணெய் வரக் கூடாது என்று காரைக்குடிக்குப் போன நாள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போய்வந்தேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். எனவே போகும்போது ரயிலில் எழுதிவைத்த குறிப்பை முதலில் அப்படியே தருகிறேன்.

1. காரைக்குடிக்குப் போகும் வழி.
2. கார்பைடு தகடு என்றால் என்ன (எனக்குப் புரிந்த அளவில்).
3. எண்ணெயைச் செய்வது அந்தத் தகடுதான். என் சந்தேகம் வீண்.
4. என் வயதுக்காரர்கள் ஆய்வுக்கூடம் பார்க்கப் போனால் கவனிக்க வேண்டியவை.

போன காரணம் இது. என் தங்கை மகள் பூங்கொடி அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவைச் சூடான குழாயில் கார்பைடு தகடு என்ற வினையூக்கியின் மேல் செலுத்தி, டீசல் போன்ற எண்ணெய் எடுக்கும் வேலை. மூன்று ஆண்டுகள் கழித்து இப்போதுதான் எண்ணெய் நன்றாக வந்திருந்தது. மறுவாரம் கட்டுரை அனுப்ப வேண்டும். பட்டமும் அடுத்த வேலையும் அதை நம்பித்தான். தொலைபேசியில் அவள் இதைச் சொன்னபோது, கல்லூரியில் வேதியியல் நடத்திய பழக்கத்தில், "வினையூக்கி போடாம வெறுங்குழாய ஓட்டிப் பாத்தியாத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆரம்பத்துல ஓட்டுனேன் மாமா. ஒண்ணும் வரல."

"இப்ப இருக்குற சிலிண்டர வச்சா?"

அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "செவ்வாக்கிழம ஓட்டப் போறேன். தனியாப் பாக்கப் பயமா இருக்கு. வாரீகளா?"

காலை ரயிலில் ஏறினேன். ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓர் எச்சரிக்கை: 'செட்டிநாடு' என்று ஒரு நிலையம் வரும். அது கானாடுகாத்தான் பக்கம். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டேன். "இங்குட்டு எறங்கி என்ன செய்யப் போறீக? காரக்குடி இனிமேத்தான், உக்காருங்க" என்று எதிர் இருக்கை அம்மாள் அதட்டியதால் தப்பித்தேன்.

நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசத் துணிவில்லை. ஓட்டுநர், "பங்களா பாக்கவா வந்தீக?" என்றார். இல்லை, வாயுவிலிருந்து டீசல் எடுப்பதைப் பார்க்க என்றேன். வண்டியின் வேகமே குறைந்துவிட்டது. "நெசமாவா? லிட்டர் என்ன வெல வரும்?" எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் என் வேட்டியையும் செருப்பையும் பார்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பூங்கொடி யாரிடமோ கால்சட்டையும் ஷூவும் வாங்கிவந்து மாட்டவைத்தாள். அறைச் சுவரில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"அடிச்சா ஓடிருவோம் மாமா. அடிக்காதப்ப ஏன் மொறைக்கிறீக?"

தகட்டைப் பற்றி அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது: மாலிப்டினம் கார்பைடு அடுக்குகளுக்கு நடுவே இன்னோர் உலோகம் இருக்கும்படி முதலில் ஒரு பொருள் செய்கிறார்கள். பிறகு அந்த உலோகத்தை அமிலத்தில் கரைத்துவிடுகிறார்கள். கட்டாக ஒட்டிய அப்பளங்களுக்கு நடுவிலுள்ள மாவைத் தட்டியெடுப்பது போல. மிஞ்சும் தகடுகள் சில அணுக்கள் கனம்தான். ஏறக்குறைய எல்லாமே மேற்பரப்பு, வாயு வந்து ஒட்டிக்கொள்ள நிறைய இடம். கண்ணுக்கோ சிட்டிகைக் கரித்தூள்.

என் சந்தேகம் வேறு. கார்பன் மோனாக்சைடு எஃகு சிலிண்டரில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால், இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகத் தூக்கிக்கொண்டு வரும். சூடான குழாயில் அந்த இரும்பு படியும். இந்த வினைக்கு இரும்பும் நல்ல வினையூக்கி. அப்படியானால் எண்ணெய் யாருடையது?

பத்து மணிக்குக் குழாயில் தகட்டுத் தூளுக்குப் பதில் வெறும் மணலை நிரப்பி ஓட்டத்தைத் தொடங்கினாள். மாலை ஐந்துக்குத்தான் திறக்க முடியும். "கூடவே நின்னு என்னையும் பயமுறுத்தாதீக, குன்றக்குடி போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். சுமார் பத்து கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்தேன், பதினைந்தோ என்று இப்போது சந்தேகம். மலைக்கோயில் படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். சன்னதியில் தகடு வேலை செய்ய வேண்டும் என்று வேண்டுவதா, எண்ணெய் வரக் கூடாது என்று வேண்டுவதா எனத் தெரியவில்லை. இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று விளங்குவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஐந்து மணிக்குக் குழாயின் முனையிலிருந்த குளிர்கலத்தைத் திறந்து, சேர்ந்ததைக் கண்ணாடிக் குப்பியில் வடித்தாள். அடியில் தண்ணீர். அதன்மேல் மெல்லியதாக, மஞ்சளாக ஒரு படலம்.

"வந்துருச்சு மாமா."

"கழுவாம ஒட்டியிருந்த பழைய எண்ணெயா இருக்கும்."

"நாந்தான் கழுவுனேன்."

"மணல்ல ஏதாச்சும்..."

"எனக்காகப் பேசாதீக மாமா."

குப்பியை மேசையில் வைத்துவிட்டு, என் எதிரிலேயே ஆய்வு வழிகாட்டியைத் தொலைபேசியில் அழைத்தாள். "சார், கட்டுரைய இப்ப அனுப்ப வேண்டாம். வெறுங்குழாயிலயும் வருது." அவர் சொன்னது என் காதில் விழவில்லை. அவள் நான்கைந்து முறை "சரி சார்" என்றாள். பிறகு முகம் கழுவி வந்து, "மதியம் சாப்பிட்டீகளா இல்லையா?" என்றாள்.

எண்ணெய் அளவைக் காட்டும் பழைய வரைபடங்களை எல்லாம் அழித்துவிடுவாயா என்று கேட்டேன்.

"எதுக்கு அழிக்கணும்? அதுவும் நடந்ததுதான? பக்கத்துல இதையும் போடுவேன். சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவுல இரும்பப் பிடிக்கிற வடிகட்டி வச்சு, புதுக் குழாயில மறுபடி ஓட்டணும். தகடு எவ்வளவு, இரும்பு எவ்வளவுன்னு பிரியும்ல." குப்பிக்கு மூடி போட்டபடி, "தகட்டோட பங்கு ஒண்ணுமே இல்லன்னாலும் தெரிஞ்சுரும்" என்றாள்.

திரும்பும்போதும் அதே ஆட்டோ. "என்னங்கய்யா, டீசல் வந்துச்சா?"

"வந்தது."

"அப்பறம் ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"வரக் கூடாத இடத்துல வந்துருச்சு."

"லீக்கா?"

இல்லை என்று தொடங்கி, "கிட்டத்தட்ட" என்று முடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: வேட்டி வேண்டாம், மூடிய ஷூ, முழுக்கால்சட்டை, அடையாள அட்டை. இடையில் நேரம் நிறையக் கிடைக்கும். குன்றக்குடிக்குப் போவதானால் முழங்காலைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ அவர் உங்களிடம் ஆறுதலை எதிர்பார்க்கிறாரா, பக்கத்தில் நிற்பதை மட்டுமா என்று முன்பே தெரிந்துகொள்ள வழியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அவளுக்கு நல்லது செய்தேனா கெடுதல் செய்தேனா என்று இன்னும் தெளியவில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. எண்ணெய் முழுவதும் தகட்டினுடையதல்ல. என் சந்தேகம் வீணாகவில்லை, வீணாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வரியை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். பூங்கொடி தன் பழைய வரைபடங்களை அழிக்கவில்லை, நானும் இதை அப்படியே விட்டுவிட்டேன்.